டயர் விளக்கு எதைப் பார்த்து எரிகிறது?

மார்கழிக் காலையில் காரை எடுத்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. டயரின் குறுக்குவெட்டுப் படம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் ஒன்றுபோலத்தான் நிற்கின்றன. பங்க்சர் கடையில் வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். குமிழி வரவில்லை. "லீக் ஒண்ணும் இல்ல சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பதினோரு மணிவாக்கில் விளக்கு தானாகவே அணைந்துவிடுகிறது. மறுநாள் காலை மறுபடியும் எரிகிறது.

எட்டு, பத்து ஆண்டு ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. "சென்சார் போயிருக்கும், கண்டுக்காதீங்க" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை. சிலர் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள். அந்த டேப்பை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொய் எச்சரிக்கை என்று நாம் ஒதுக்குபவற்றில் பெரும்பாலானவை உண்மையான ஓர் அளவீட்டிலிருந்து பிறந்தவை. டயரில் ஓட்டை இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வியே விளக்கிடம் போய்ச் சேர்வதில்லை. அது அளப்பது வேறொன்றை. எதை அளக்கிறது என்று தெரிந்தால், எப்போது எரிந்தது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காலையில் எரிந்து வெயில் ஏறியதும் அணையும் விளக்கிலிருந்து தொடங்குவோம். டயருக்குள் இருக்கும் காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் பறந்து சுவரில் மோதிக்கொண்டிருக்கின்றன. கோடிக்கணக்கான அந்த மோதல்களின் கூட்டு விளைவைத்தான் அழுத்தம் என்கிறோம். காற்று குளிர்ந்தால் மூலக்கூறுகளின் வேகம் குறையும். ஒரு மூலக்கூறுகூட வெளியேறாமலேயே அழுத்தம் இறங்கிவிடும். பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் அமோன்தோன் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அளந்து பார்த்தார். அடைத்து வைத்த காற்றைக் கொதிநீரின் சூடுவரை கொண்டுபோனால், உள்ளே இருப்பது கொஞ்சம் காற்றோ நிறையக் காற்றோ, அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று கண்டார். அப்படியானால் குளிர்வித்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அழுத்தமே இல்லாமல் போகவேண்டும் என்றும் ஊகித்தார். இன்று நாம் தனிச்சுழி என்று சொல்லும் அந்தப் புள்ளி சுழியத்துக்குக் கீழே 273 டிகிரி செல்சியஸில் இருக்கிறது.

வெப்பநிலையை அங்கிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் டயர் கணக்கின் சூட்சுமம். 30 டிகிரி நாள் என்பது தனிச்சுழியிலிருந்து 303 டிகிரி. அதில் 6 டிகிரி குறைந்தால் 2 சதவீதம் குறைந்ததாகும். அழுத்தமும் 2 சதவீதம் குறையும். எந்த அழுத்தத்தில் 2 சதவீதம்? கேஜ் 33 என்று காட்டினால் டயருக்குள் இருப்பது 33 பி.எஸ்.ஐ. மட்டுமல்ல. கேஜின் ஒரு பக்கம் டயர் காற்றும் மறுபக்கம் வெளிக்காற்றும் தள்ளுகின்றன. முள் காட்டுவது அந்த வித்தியாசத்தை. இதை மிகை அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று மட்டுமே 14.7 பி.எஸ்.ஐ. தள்ளுகிறது. இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் ஏறக்குறைய 48தான் டயர் காற்றின் முழுமையான அழுத்தம், அதாவது தனி அழுத்தம். அதில் 2 சதவீதம் என்பது ஒரு பி.எஸ்.ஐ. ஆக, 6 டிகிரி குளிருக்கு ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் 6 டிகிரி பெரிதாகத் தோன்றாது. ஆனால் நாம் காற்று அடிக்கும் நேரத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, பெட்ரோல் போட நின்ற பங்கிலேயே காற்றையும் பார்த்துக்கொள்கிறோம். அப்போது டயருக்குள் இருக்கும் காற்று 55 டிகிரியில் இருக்கலாம். அங்கே கேஜ் 32 காட்டினால் சரியென்று கிளம்பிவிடுகிறோம். மறுநாள் காலை அதே காற்று 27 டிகிரிக்கு வந்திருக்கும்போது கேஜ் 28தான் காட்டும். கார் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிறுவனம் எழுதியிருக்கும் அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது, அதாவது சில மணி நேரம் நிறுத்தி வைத்திருந்த வண்டிக்கானது. சூடான டயரில் அந்த எண்ணைக் கொண்டுவந்தால், உண்மையில் காற்றைக் குறைத்துத்தான் அடித்திருக்கிறோம். ஓட்டையே இல்லாத டயரும் ரப்பர் வழியாக மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இழக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு குளிர்ந்த காலையில் விளக்கு எரிகிறது என்றால் அது உண்மையைத்தான் சொல்கிறது. காற்று குறைவுதான். போன மாதமும் குறைவாகத்தான் இருந்தது.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இருக்காது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. நாம் இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வெப்பநிலை இறங்கினால் நைட்ரஜனின் அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். விளக்கு அணையவேண்டும் என்பதற்காக அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இதில் கவலைப்படவேண்டிய பகுதி விளக்கு அணைவதுதான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் அந்த வேலையில் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றுகிறது. டயர் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகிறது. சூட்டில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறுகிறது, எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது, விளக்கு அணைகிறது. குறையின் விளைவே குறையை மறைத்துவிடுகிறது. "ஓட்ட ஓட்ட சரியாயிடுச்சு" என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் டயர் தன்னைத்தானே வதக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அந்த விளக்கு கார்களில் கட்டாயமானதே அதனால்தான். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. வேகமாக ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயர்களிலேயே குறை இருந்தது. குறைந்த காற்றும், தென் மாநிலங்களின் வெயிலும், நெடுஞ்சாலை வேகமும் அந்தக் குறையை உயிர்க்கொல்லியாக்கின. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. அதன் வழியே உருவான விதி, எந்த டயரில் காற்று பரிந்துரைத்ததைவிடக் கால் பங்கு குறைந்தாலும் 20 நிமிடத்துக்குள் ஓட்டுநருக்குத் தெரியவேண்டும் என்றது. 2007 செப்டம்பர் முதல் தயாரான எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை இருக்கவேண்டும். அங்கே எல்லை 20 சதவீதம்.

கால் பங்கு என்பது நிறையவே அதிகம் என்பது என் எண்ணம். 33 இருக்கவேண்டிய டயர் 25க்கு வந்தபின்தான் விளக்கு வாய் திறக்கும். 27, 28 என்று மாதக்கணக்கில் ஓடும் டயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால் விளக்கு எரியவில்லை என்பதைக் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, அளக்கும் கருவியைப் பார்ப்போம். ரிம்மின் உட்பக்கம், வால்வின் அடியோடு சேர்த்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் ஒரு சிலிக்கான் சில்லு. அதன் ஒரு பகுதி மிக மெல்லிய சவ்வாகச் செதுக்கப்பட்டிருக்கும். சவ்வின் ஒரு பக்கம் டயர் காற்று. மறுபக்கம் காற்றே இல்லாமல் மூடப்பட்ட நுண்ணிய வெற்றறை. டயர் காற்று தள்ளும்போது சவ்வு துளி வளைகிறது. சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை மாறும். இதை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சார்ல்ஸ் ஸ்மித் அளந்து எழுதினார். சாதாரண உலோகக் கம்பியை இழுக்கும்போது ஏற்படும் மாற்றத்தைப் போல இது பல மடங்கு பெரிது என்பதால், கண்ணுக்குத் தெரியாத வளைவைக்கூட மின்சாரத்தால் படிக்க முடிந்தது. இன்று இரத்த அழுத்தக் கருவி முதல் கார் என்ஜின் வரை பல இடங்களில் இந்தத் தத்துவம் வேலை செய்கிறது.

மறுபக்கம் ஏன் வெற்றறை? இந்தக் கருவி முழுக்க முழுக்க டயருக்குள் அடைபட்டிருக்கிறது. வெளிக்காற்றைத் தொட அதற்கு வழியே இல்லை. பங்க்சர் கடையின் கேஜ் வெளியே நின்று வித்தியாசத்தைக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் சென்சாரோ வெற்றிடத்தோடு ஒப்பிட்டுத் தனி அழுத்தத்தை அளக்கிறது. அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காரின் கணினி கழித்து நமக்குக் காட்ட வேண்டும். வெளி அழுத்தத்தைத் தானே அளந்து கழிக்கும் கார்கள் உண்டு. எங்கே போனாலும் கடல் மட்ட மதிப்பையே கழிக்கும் கார்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையை மலைமேல் கொண்டுபோனால் சுவாரசியமான ஒன்று நடக்கும்.

மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும் என்பதை 1648 செப்டம்பர் 19 அன்று ஃப்ளோரன் பெரியே என்பவர் நிறுவினார். தத்துவவாதியும் கணித மேதையுமான பாஸ்கலின் அக்காள் கணவர் அவர். மைத்துனர் கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி, பிரான்சின் புய்-த-தோம் மலைமீது பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எனக்கு அந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இன்னொன்று. அடிவாரத்தில் இருந்த மடத்தில் அதே போன்ற இன்னொரு குழாயை வைத்து, அதை நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டுத்தான் அவர் ஏறினார். கீழே இருந்த குழாயில் மாற்றமே இல்லை. அதனால் மேலே கண்ட மாற்றத்துக்கு அன்றைய வானிலை காரணமல்ல, உயரமே காரணம் என்று உறுதியாயிற்று. ஓர் அளவீட்டை நம்ப வேண்டுமானால் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போவோம். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கோவையில் வெளிக்காற்று சுமார் 14 பி.எஸ்.ஐ., ஊட்டியில் 11 சொச்சம். கோவையில் 32 டிகிரி வெயிலில், குளிர்ந்த டயரில் 29 பி.எஸ்.ஐ. இருந்தது என்று வைப்போம். கொஞ்சம் குறைவுதான், ஆனால் விளக்கு எரியும் அளவுக்கு இல்லை. தனி அழுத்தம் 43. ஊட்டியில் இரவு தங்கி, காலை 7 டிகிரியில் காரை எடுக்கிறீர்கள். குளிரால் தனி அழுத்தம் 39.5க்கு இறங்கியிருக்கும். கடல் மட்டத்தின் 14.7ஐயே கழிக்கும் கார் 24.8 என்று கணக்கிட்டு விளக்கைப் போட்டுவிடும். அதே நேரம் கையில் கேஜ் வைத்துப் பார்த்தால் 28க்கு மேல் காட்டும். குளிர் அழுத்தத்தைக் குறைத்தது, உயரம் வெளிக்காற்றின் எதிர்த்தள்ளலைக் குறைத்தது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிட்டன. டயர் சுமையைத் தாங்குவது மிகை அழுத்தத்தால்தான். எனவே இங்கே கேஜ் சொல்வதை நம்பவேண்டும்.

விளக்கை அணைப்பதற்காக ஊட்டியிலேயே காற்றடித்து டாஷ்போர்டில் 33 வரும்வரை ஏற்றினால் என்ன ஆகும்? மலையிறங்கிக் கோவை வெயிலுக்கு வரும்போது டயரில் 38 இருக்கும். ஓடிச் சூடானால் இன்னும் மேலே போகும். சாலையைத் தொடும் பரப்பு சுருங்கும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். மலைமேல் விளக்கு எரிந்தால் முதலில் கேஜ். அது சரி என்றால், கீழே வந்து குளிர்ந்த டயரில் மறுபடி பார்த்தபின் அடித்துக்கொள்ளலாம்.

சென்சாரிலிருந்து செய்தி டாஷ்போர்டுக்கு வரும் வழி இன்னொரு கதை. சுழலும் சக்கரத்துக்குள் கம்பி இழுக்க முடியாது. எனவே ஒவ்வொரு சென்சாரும் ஒரு சிறு வானொலி நிலையமாக இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவிலும் இங்கும் 433.92 மெகாஹெர்ட்ஸிலும் பேசுகின்றன. கார் நிற்கும்போது சென்சார் உறங்கும். ஓடத் தொடங்கினால் சுழற்சியின் விசையை உணர்ந்து விழித்துக்கொள்ளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிறு கருவியின்மேல் புவியீர்ப்பைப் போல 60 மடங்கு முடுக்கம் செயல்படுகிறது. விழித்தபின் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அனுப்பும். இதற்கெல்லாம் மின்சாரம் தருவது ஒரே ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி. ஈரமும் அதிர்வும் தாக்காதபடி பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும்.

பழைய காரில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தப் பேட்டரி வயதாவதால் வருகிறது. அது ஒரே நாளில் சாவதில்லை. குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும். செய்தி அனுப்பும் அந்த நொடிப்பொழுதில் மின்னழுத்தம் சரிந்து, செய்தி பாதியில் அறுந்துபோகும். டயர் சூடானதும் மறுபடி பேச ஆரம்பிக்கும். காலையில் விளக்கு, மதியம் இல்லை என்ற அதே அறிகுறிதான் இங்கேயும். குளிர்ந்த காற்றையும் தளர்ந்த பேட்டரியையும் பிரித்தறிய விளக்கு எரியும் விதத்தைப் பார்க்கவேண்டும். அமெரிக்க விதியை ஒட்டிச் செய்யப்பட்ட கார்களில், காரை எடுத்தவுடன் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மினுங்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், "எனக்குச் செய்தி வரவில்லை" என்று பொருள். மினுங்காமல் நேராக எரிந்தால் "காற்று குறைவு". முதல் ஒரு நிமிடத்தைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

செய்தி வராமல் போக வேறு காரணங்களும் உண்டு. சிகரெட் லைட்டர் குழியில் செருகும் மலிவான சார்ஜர்களும் டேஷ்கேமராக்களும் வானொலி இரைச்சலை உமிழ்ந்து சென்சாரின் மெல்லிய குரலை அமுக்கிவிடுவதுண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. இந்தச் செய்திகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் நமக்குத் தெரியும். 2010இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் காரின் டயர் செய்திகளை 40 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த செய்திகள் மறையாக்கம் செய்யப்படாதவை. அனுப்பியது யார் என்று கார் சரிபார்க்கவும் இல்லை. பக்கத்தில் ஓடும் இன்னொரு வண்டியிலிருந்து போலிச் செய்தி அனுப்பி, காற்று நிறைந்த டயருக்குக் காற்றுக் குறைவு விளக்கை எரியவைத்தார்கள். உண்மையிலேயே பொய் எச்சரிக்கை என்று சொல்லத்தக்கது அதுதான்.

எண் குழப்பமும் உண்டு. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டபின் சென்சார்களின் எண்களைக் காருக்கு மறுபடி கற்றுக்கொடுக்காவிட்டால், பின் சக்கரத்தில் காற்று குறையும்போது சில கார்கள் முன் சக்கரத்தைக் காட்டும். முன் சக்கரத்தைச் சோதித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, சென்சார்தான் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஸ்டெப்னியிலும் சென்சார் வைத்த கார்கள் இருக்கின்றன. நான்கு டயரும் சரியாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியிலும் கேஜை வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத டயர் அது. அப்புறம் வால்வ். சென்சாரோடு வரும் உலோக வால்வுகள் பல அலுமினியத்தால் ஆனவை. அதற்குள் நிக்கல் பூசிய வால்வ் பின்தான் இருக்கவேண்டும். கடையில் கைக்குக் கிடைத்த சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால், இரு உலோகமும் ஈரமும் உப்பும் சேர்ந்து மெதுவாக அரிக்கத் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். பின் இறுகிப்போகும், வால்வ் வழியே காற்று கசியும்.

இதுவரை சொன்னது சென்சார் உள்ள கார்களைப் பற்றி. டயருக்குள் எந்தக் கருவியும் இல்லாமலேயே இதே விளக்கைக் காட்டும் கார்கள் ஏராளம். ஒரு தந்தையும் சிறுமியும் கைகோத்துக் கோயிலுக்கு நடக்கிறார்கள் என்று வையுங்கள். தூரம் ஒன்றுதான். ஆனால் சிறுமி அதிக அடிகள் வைக்கிறாள். யாருடைய கால் குட்டை என்பதை அளவுகோல் இல்லாமலேயே, அடிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் துளி குறைகிறது. அதே தூரத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகச் சுழல்கிறது. சக்கரங்களின் சுழற்சியை ஏபிஎஸ் பிரேக்கிற்காகக் கார் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் போதும். தனியாக ஒரு பேட்டரியும் வேண்டாம். இதை மறைமுக முறை என்பார்கள்.

அந்த வித்தியாசம் எவ்வளவு சிறியது தெரியுமா? இன்றைய டயர்களின் உள்ளே எஃகுக் கம்பிப் பட்டை இருப்பதால் சுற்றளவு எளிதில் சுருங்காது. கணிசமாகக் காற்று இறங்கினாலும் உருளும் ஆரம் ஒரு சதவீதத்தில் சில பத்தில் ஒரு பங்குதான் மாறும். நடுத்தரக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் 500க்கும் சற்று அதிகமான முறை சுழலும். கணினி தேடுவது அதில் ஒன்றிரண்டு சுற்று வித்தியாசத்தை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் அதிகம் சுழலும், ஒரு பக்கம் சுமை கூடினால் ஆரம் மாறும். இவற்றையெல்லாம் கழித்துப் பல கிலோமீட்டர் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வரமுடியும்.

இப்போது அந்தக் காரில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுகிறோம். புதிய டயரின் மேல்பட்டை 8 மில்லிமீட்டர் ஆழம், தேய்ந்த மற்ற மூன்றில் 3 மில்லிமீட்டர். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். 300 மில்லிமீட்டர் ஆரத்தில் அது ஒன்றரைச் சதவீதத்துக்கும் மேல். காற்று குறைவால் வரும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது. விளக்கு எரியாமல் என்ன செய்யும்? டயர் மாற்றிய பிறகும், காற்றைச் சரிசெய்த பிறகும் மீளமைக்கும் பொத்தானை அழுத்தி, "இதுதான் இனி உன் அளவு" என்று காருக்குச் சொல்லவேண்டும். காற்றைச் சரிபார்க்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் விபரீதம். குறைந்த காற்றையே சரியான காற்று என்று கார் கற்றுக்கொள்ளும்.

மறைமுக முறைக்கு இன்னொரு குருட்டுப்புள்ளியும் உண்டு. நான்கு டயரிலும் ஒரே சீராகக் காற்று இறங்கினால் ஒப்பிட எதுவும் இல்லை, விளக்கு எரியாது. 2002இல் அமெரிக்க அரசு முதலில் கொண்டுவந்த விதி, ஒரே ஒரு டயரின் குறையை மட்டும் கண்டுபிடிக்கும் முறையையும் ஏற்றுக்கொண்டது. 'பப்ளிக் சிட்டிசன்' என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. ஒரே பக்கத்து இரண்டு டயரில் குறைந்தால் தெரியாத முறையை எப்படி ஏற்பது என்பது வாதத்தின் மையம். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதன் பிறகு எழுதப்பட்டதுதான் நான்கு டயருக்கும் பொருந்தும் விதி. பிற்பாடு வந்த மறைமுக முறைகள் சுழற்சியை எண்ணுவதோடு நிற்காமல், சாலையின் அதிர்வில் டயர் எந்த அதிர்வெண்ணில் துடிக்கிறது என்பதையும் ஆராய்கின்றன. காற்று குறைந்தால் அந்தத் துடிப்பும் மாறும் என்பதால் நான்கும் சேர்ந்து இறங்கினாலும் கண்டுகொள்ள முடிகிறது. பத்தாண்டுக்கு முந்தைய உங்கள் காரில் எது இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். டாஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் பி.எஸ்.ஐ. எண் காட்டினால் அது சென்சார் முறை. விளக்கும் மீளமைக்கும் பொத்தானும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக முறை.

எந்த முறையானாலும் வீட்டில் ஒரு நல்ல கேஜ் வேண்டும். பெரியேயின் துறவி அடிவாரத்தில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாவது குழாயின் வேலையை அது செய்யும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், எப்போதும் அதே கேஜால் அளந்து குறித்துவையுங்கள். நான்கும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் வெப்பநிலை, அல்லது கவனிக்காமல் விட்ட மாதங்கள். ஒன்று மட்டும் இறங்கினால் கசிவு. எதுவும் இறங்காமல் விளக்கு மினுங்கினால் பேட்டரி. ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் கூடவே பிறந்த மற்ற மூன்றும் அதிக நாள் தாங்காது. எப்படியும் டயர் மாற்றும்போது ரிம்மிலிருந்து கழற்றத்தான் போகிறார்கள். அப்போதே நான்கையும் மாற்றிவிட்டால் கூலி மிச்சம். புதிய எண்களைக் காருக்குக் கற்றுக்கொடுக்கும் கருவி அந்தக் கடையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் புத்தம் புதிய சென்சாருடனும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவில் இந்த விளக்கின் பொறுப்பு இனிக் கூடத்தான் போகிறது. 2020இல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டயர் அழுத்தக் கண்காணிப்பும் டியூப்லெஸ் டயருக்கான பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னி இல்லாமல் வந்த அந்தக் கார்கள் சில ஆண்டுகளில் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறும். அவற்றின் சென்சார் பேட்டரிகள் ஏறக்குறைய அதே சமயத்தில் தீரத் தொடங்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தம் கேட்பதோடு, சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பார்க்கவேண்டும். எரியவே இல்லையென்றால், முந்தைய சொந்தக்காரர் டேப் ஒட்டுவதற்குப் பதிலாக பல்பையே கழற்றியிருக்கலாம்.